அம்மா உட்கார ஒரு பழைய அமெரிக்க நாற்காலி

நியூ ஜெர்சியில் புதிதாக வீடு வாங்கிய நண்பர் ஒருவர் போன மாதம் ஐந்து படங்கள் அனுப்பினார். ஐந்தும் நாற்காலிகள். விற்பவர்கள் எழுதியிருந்த விவரமும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: பழங்கால அமெரிக்க நாற்காலி, கையால் செய்தது, நல்ல நிலையில் உள்ளது. சமையலறை ஜன்னலோரம் போட, நூறு வருஷம் பார்த்ததாக ஒன்றே ஒன்று வேண்டும், தினமும் உட்காருவோம், மே மாதம் ஊரிலிருந்து அம்மா வந்தால் ஆறு மாதம் அது அவருடைய இடம், எதை வாங்கலாம் என்று கேட்டிருந்தார்.

படங்களில் இருந்தவை: ஒரு விண்ட்சர், பந்தைப் பற்றிய பறவை நகம்போலக் கால் செதுக்கிய ஒரு மகாகனி நாற்காலி, ஒரு ஷேக்கர் ஆடுநாற்காலி, தங்க நிறத்தில் பழக்கூடை வரைந்த ஒரு ஹிட்ச்காக், அப்புறம் முதுகில் ஏணிப்படிபோலக் குறுக்குப் பலகைகள் வைத்த ஒன்று. அவருக்கு எழுதிய பதிலைத்தான் கொஞ்சம் விரித்து இங்கே தருகிறேன்.

முதலில் ஒன்று. ஐந்து படமும் முன்பக்கத்திலிருந்து எடுத்தவை. அதை வைத்து எதுவும் சொல்ல முடியாது, கவிழ்த்துப் போட்டு எடுத்த படம் கேளுங்கள் என்றேன். எந்த இடத்துக்கு எந்த மரத்தை வைத்தார்கள், ஒரு கட்டையை இன்னொன்றில் எப்படிச் செருகினார்கள் என்பது ஊருக்கு ஊர் மாறும். அது தெரிவது அடிப்பக்கத்தில்தான். நாற்காலி இன்னும் எத்தனை வருஷம் தாங்கும் என்பதையும் அதே அடிப்பக்கம் காட்டிக் கொடுத்துவிடும்.

சரி, விண்ட்சருக்கு வருவோம். பெயரும் உருவமும் இங்கிலாந்திலிருந்து வந்தவை. 1740களில் பிலடெல்பியா பட்டறைகள் இதைச் செய்யத் தொடங்கிய பிறகு, மெலிந்து, இலேசாகி, வேறு பிறவி எடுத்துவிட்டது. சாதாரண நாற்காலியில் பின்கால் அப்படியே மேலே நீண்டு முதுகுச் சட்டமாகும். விண்ட்சரில் அப்படிக் கிடையாது. நடுவில் கனமான ஒரு பலகை இருக்கும். கால்கள் அதில் கீழிருந்து ஏறும், முதுகுக் குச்சிகள் மேலிருந்து இறங்கும். மொத்த நாற்காலியும் அந்தப் பலகையை நம்பித்தான் நிற்கிறது.

அதனால் ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு மரம். பலகைக்கு மென்மையான, சேணம்போலக் குடைய வசதியான மரம் வேண்டும். பிலடெல்பியாவில் டூலிப் பாப்லர், நியூ இங்கிலாந்து என்று சேர்த்துச் சொல்லும் வடகிழக்கு மாநிலங்களில் வெள்ளை பைன். கடைசல் கால்களுக்குப் பெரும்பாலும் மேப்பிள், அதில்தான் வளையமும் பள்ளமும் கூராக விழும். குச்சிகளுக்கும் வளைவுக்கும் ஹிக்கரி, ஓக், ஆஷ். இவற்றை ரம்பத்தால் அறுக்காமல் ஆப்பு வைத்துப் பிளந்தார்கள். அப்படிப் பிளந்தால் ரேகை அறுபடாமல் முனையிலிருந்து முனைவரை ஓடும், விரல் தடிமன் குச்சியும் முறியாது. மூன்று மரமும் மூன்று நிறமாகப் பல்லிளிக்குமே, அதனால் மேலே பெயிண்ட். ஆரம்பகால விண்ட்சர்களில் பச்சைதான் அதிகம். வாஷிங்டன் 1796ல் பிலடெல்பியாவிலிருந்து இரண்டு டஜன் விண்ட்சர் வரவழைத்தது மவுண்ட் வெர்னன் என்ற தன் வீட்டில் ஆற்றைப் பார்த்த பெரிய திண்ணைக்காக. அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தை ஜெஃபர்சன் எழுதியது சுழலும் விண்ட்சர் ஒன்றில் உட்கார்ந்துதான் என்று வழிவழியாகச் சொல்கிறார்கள். அந்த நாற்காலி பிலடெல்பியாவின் அமெரிக்கத் தத்துவக் கழகத்தில் இருக்கிறது.

ஊர் அடையாளம் காலில் தெரியும். பிலடெல்பியாவின் பழைய விண்ட்சர் கால் தடித்து, அடியில் சின்னப் பந்தோடு முடியும். நியூ இங்கிலாந்துக் கால் அகல விரிந்து, அடிநோக்கிச் சிறுத்துக்கொண்டே போகும். 1780களில் பிலடெல்பியாக்காரர்கள் மேப்பிள் மரத்தில் மூங்கில் கணு கடைய ஆரம்பித்தார்கள். பிறகு எல்லா ஊரும் அதைப் பிடித்துக்கொண்டது. மூங்கில் முளைக்கும் ஊரிலிருந்து போன நமக்கு அதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும், ஆனால் விரைவாகக் கடையலாம் என்பது பட்டறைக்கு லாபம். நியூயார்க்கிலும் ரோட் ஐலண்டிலும் இன்னொரு வகை செய்தார்கள். முதுகு வளைவும் இரண்டு கைப்பிடிகளும் ஒரே குச்சியை நீராவியில் வளைத்துச் செய்தது. கண்ணுக்கு விண்ட்சர்களிலேயே இதுதான் அழகு. உடைவதிலும் இதுதான் முதல். முதுகு திரும்பிக் கையாகும் இடத்தில் நார் பிளந்துவிடும். அந்த வளைவில் உலோகத் தகடோ புது பசையோ தெரிந்தால் விலகிவிடுங்கள்.

பழசா புதுசா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. மரம் காயும்போது எல்லாப் பக்கமும் ஒரேபோலச் சுருங்காது. வருட வளையங்களின் போக்கில் சுருங்குவது, மையத்திலிருந்து பட்டையை நோக்கிய திசையில் சுருங்குவதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஆகவே ஈரம் காயாமல் இருந்தபோது உருண்டையாகக் கடைந்த கால், காலப்போக்கில் லேசாக முட்டை வடிவமாகிவிடும். தடிமன் அளக்கும் காலிப்பரால் ஒரு திசையில் அளந்துவிட்டு, அதற்குக் குறுக்குத் திசையில் மறுபடி அளந்தால் வித்தியாசம் தெரியும். எந்தப் பக்கம் அளந்தாலும் அச்சடித்த உருண்டையாக இருந்தால், அது சூளையில் காய்ந்த மரத்தைச் சமீபத்தில் கடைந்ததாக இருக்கலாம். நானே இதை அளக்காமல் ஒருமுறை ஏமாந்தேன். மேல்பாதி அசல், நான்கு கால்களில் இரண்டு மாற்றுக்கால். பெயிண்ட் எல்லாவற்றையும் மூடியிருந்தது.

பெயிண்ட் என்றதும் ஒரு எச்சரிக்கை. பழைய பெயிண்டில் ஈயம் இருக்கும் என்று வைத்துக்கொள்வதே நல்லது. வீட்டுப் பெயிண்டில் ஈயத்தை அமெரிக்கா தடை செய்ததே 1978ல்தான். சுரண்டி எடுத்தால் நாற்காலியின் மதிப்புப் போகும், தூசு உடம்புக்கும் கெடுதல். தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் உரிந்து விழும் விண்ட்சரை வைக்க நான் ஒப்பமாட்டேன்.

இரண்டாவது படம், மகாகனி. நண்பருக்கு மனசு இதில்தான் இருந்தது என்று எழுத்திலேயே தெரிந்தது. அமெரிக்காவில் ஊர்ப்பெருமை உச்சத்துக்குப் போனது இந்த வகையில்தான். 18ஆம் நூற்றாண்டின் நடுவில் பாஸ்டன், நியூபோர்ட், நியூயார்க், பிலடெல்பியா, நான்கும் லண்டன் பாணியைப் பார்த்துத்தான் செய்தன, ஆனால் நான்கும் நான்கு கை. பாஸ்டன் நகம் பந்தைப் பிடிக்கும்போது பக்க விரல்கள் பின்னுக்குச் சாயும். நியூயார்க்கில் அது சதுரமாக, கொஞ்சம் முரடாக இருக்கும். பிலடெல்பியாவில் பந்து நன்றாகத் திரண்டு, நகம் அதை அழுத்திப் பிடித்திருக்கும். பாஸ்டன்காரர்கள் கால்களுக்கிடையே குறுக்குக் கட்டையை நெடுங்காலம் விடவில்லை. பிலடெல்பியா அதைத் தூக்கி எறிந்துவிட்டு, பலத்தை வேறு இடத்தில் தேடியது. இருக்கையின் பக்கச் சட்டத்தைப் பின்காலின் ஊடே முழுக்கச் செலுத்தி, மறுபக்கம் எட்டிப் பார்க்க வைத்தது. பின்னால் நின்று பார்த்தால், காலில் தபால்தலை அளவுக்கு ஒரு சின்னச் செவ்வகம் தெரியும். அதுதான் செருகிய முனை.

கவிழ்த்தால் இன்னும் பேசும். உள்ளே மூலைக்குக் கொடுத்த கட்டைகளுக்கு யாரும் மகாகனியை வீணாக்கவில்லை, பக்கத்துக் காட்டில் கிடைத்ததை வைத்தார்கள். பிலடெல்பியாவில் மஞ்சள் பைனும் வெள்ளை சிடாரும், நியூ இங்கிலாந்தில் மேப்பிளும் வெள்ளை பைனும், தெற்கே சார்ல்ஸ்டனில் சைப்ரஸ்.

இந்த அடையாளங்களை மந்திரம்போல ஒப்பிக்கவும் கூடாது. எலிஃபலெட் சாப்பின் என்றொருவர். கனெக்டிகட்காரர், பிலடெல்பியாவில் சில வருஷம் வேலை பார்த்துவிட்டு 1771 வாக்கில் ஊர் திரும்பினார். அவர் செய்த நாற்காலியில் பின்காலை ஊடுருவும் பிலடெல்பியாச் செருகல் இருக்கும். மரம் மட்டும் கனெக்டிகட் செர்ரி. தச்சர் ஊர் மாறினால் அவர் கைப்பழக்கமும் கூடவே போகும், மரம் போகாது. இரண்டையும் சேர்த்துப் படித்தால்தான் ஆள் யாரென்று தெரியும்.

விலை? பிலடெல்பியாவின் ஜான் கேட்வாலடர் வீட்டுக்காக 1770 வாக்கில் தாமஸ் அஃப்லெக் பட்டறையில் செய்ததாகக் கருதப்படும் ரோமம் அடர்ந்த விலங்குப் பாதம்போலக் கால் செதுக்கிய சாய்வு நாற்காலி ஒன்று 1987 ஜனவரியில் சோத்பிஸ் ஏலத்தில் 27.5 லட்சம் டாலருக்குப் போனது. நண்பர் அனுப்பியது அந்த விலையில் ஆயிரத்தில் ஒரு பங்குகூட இல்லை, அதிலேயே விஷயம் புரிந்திருக்க வேண்டும். 1876ல் சுதந்திர நூற்றாண்டு விழாக் கண்காட்சி நடந்த பிறகு முன்னோர் வீட்டுச் சாமான் மேல் அமெரிக்காவுக்கே மோகம் வந்தது. தொழிற்சாலைகள் இந்தப் பாணியை நகலெடுத்துக் குவித்தன. அந்த நகல்களுக்கே இப்போது நூறு வயது தாண்டிவிட்டது. நூறு வருஷம் கடந்தால் பழம்பொருள் என்பதுதான் வழக்கமான கணக்கு, ஆகவே விற்பவர் பொய் சொல்லவில்லை. ஆனால் 1770 வேறு, 1890 வேறு. நகல் என்று தெரிந்து, நகலின் விலைக்கு வாங்கினால் தப்பே இல்லை. சில நகல்கள் நல்ல வேலை.

தினசரி உபயோகத்துக்கு இதன் பலவீனம் பசை. இந்த நாற்காலிகளை ஒட்டியது விலங்குத் தோலிலிருந்து காய்ச்சிய பசை, நம் தச்சர்கள் வஜ்ஜிரம் என்பார்களே, அதே இனம். குளிர்காலத்தில் ஹீட்டர் ஓடும் வீட்டில் காற்று ஒரேயடியாக உலர்ந்துவிடும். பசை நொறுங்கி, பொருத்துகள் ஆட ஆரம்பிக்கும். நல்ல செய்தி, வெந்நீர் பட்டால் வஜ்ஜிரம் இளகும், பிரித்து மறுபடி ஒட்டலாம். யாராவது நடுவில் எபாக்சி என்ற இறுகினால் இளகாத பசையை ஊற்றியோ ஆணி அடித்தோ வைத்திருந்தால் அந்த வழியும் அடைந்தது. சமையலறைக்கு இது வேண்டாம் என்றேன்.

போலியைப் பற்றி ஒரு கதை சொல்லாமல் மேலே போக முடியாது. 17ஆம் நூற்றாண்டில் பிளைமவுத்தில் குடியேறியவர்களின் தடித்த கடைசல் நாற்காலிகளில் ஒரு வகைக்கு ப்ரூஸ்டர் நாற்காலி என்று பெயர். மிச்சமிருப்பவை மிகக் குறைவு. 1969ல் ரோட் ஐலண்ட் சிற்பி அர்மாண்ட் லாமொன்டான் நிபுணர்களைச் சோதித்துப் பார்க்கலாமென்று ஒன்றைப் புதிதாகச் செய்து, அடித்து, புகையூட்டி, கிழமாக்கி, கைமாற்றி விட்டார். 1970ல் மிச்சிகனின் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகம் அதை 9,000 டாலர் கொடுத்து வாங்கியது. 1977ல் உண்மை வெளிவந்தது. எக்ஸ்ரே எடுத்தபோது செருகல்களுக்குள் நவீனத் துளைக்கருவியின் தடம். அந்தக் காலத்துத் துளைக்கருவி கரண்டி வடிவம், துளையின் அடி குழிந்து உருண்டிருக்கும். இப்போதைய கருவி நடுவில் கூர்முனைத் தடம் விடும். அருங்காட்சியகம் அந்த நாற்காலியைத் தூக்கிப் போடவில்லை, பாடம் நடத்த வைத்துக்கொண்டது. நாம் எக்ஸ்ரே எடுக்க முடியாது. கழன்ற குச்சி ஒன்று இருந்தால் மெல்ல உருவி, துளைக்குள் டார்ச் அடித்துப் பார்க்கலாம்.

ஷேக்கர். திருமணம் துறந்து, சொத்தைப் பொதுவில் வைத்து வாழ்ந்த சமயக் குழு. அலங்காரம் ஆகாது என்ற கொள்கை நாற்காலியிலும் தெரியும். மெல்லிய மேப்பிள் கால்கள், முதுகில் மூன்று நான்கு பலகைகள், இருக்கைக்கு நாடாப் பின்னல். நம் நாடாக் கட்டில் நினைவுக்கு வந்தால் ஆச்சரியமில்லை, வேலை அதேதான், நாடாதான் குறுகல். பின்னால் சாய்ந்து உட்காருபவர்களுக்காகப் பின்கால் அடியில் மரப்பந்து பதித்துச் சுழல விட்டார்கள். தரை கீறாது. 1852ல் ஜார்ஜ் ஓ'டானல் என்ற ஷேக்கர் இதற்கு உலோகத்தில் காப்புரிமையே வாங்கினார்.

வாங்குபவர் தெரிந்துகொள்ள வேண்டியது, சந்தையில் வரும் ஷேக்கர்களில் பெரும்பகுதி நியூயார்க் மாநிலத்தின் மவுண்ட் லெபனான் குழு வெளியாருக்கு விற்பதற்காகவே 1870களிலிருந்து தயாரித்தவை. அவற்றுக்கு 0 முதல் 7 வரை அளவு எண் உண்டு. 7 பெரியது, 0 சிறியது. படத்தில் 3ஆம் எண்ணும் 7ஆம் எண்ணும் ஒன்றுபோலவே தெரியும். நண்பர் அனுப்பியது 3. முழு உயர ஆளுக்கு அது பள்ளிக்கூட நாற்காலி. தங்க எழுத்து ஒட்டுமுத்திரை இருந்தால் மகிழ்ச்சி, இல்லாததால் மட்டும் போலி ஆகிவிடாது. நாடா புதிதாகப் பின்னியிருந்தால் குறைசொல்லாதீர்கள், அது காருக்கு எண்ணெய் மாற்றுவதுபோல. அப்புறம், ஆடுநாற்காலி சாப்பாட்டு மேசைக்கு ஒத்துவராது. குழம்புத் தட்டோடு ஆடுவது யாருக்கு நல்லது?

ஹிட்ச்காக் பற்றி அதிகம் சொல்ல இல்லை. லாம்பர்ட் ஹிட்ச்காக் கனெக்டிகட்டில் 1818ல் ஆரம்பித்து, 1820களில் நீரோட்டச் சக்தியால் பட்டறை ஓட்டி, உறுப்புகளைக் கும்பலாகச் செய்து, வீட்டுக்கு வீடு நாற்காலி சேர்த்தவர். கறுப்புப் பூச்சு, தகட்டு அச்சில் வெண்கலப் பொடி தூவிய பழமும் இலையும். இதே பெயரில் 1946லிருந்து 2006 வரை ஒரு கம்பெனி மறுபடியும் செய்தது, சந்தையில் உலவும் பலதும் அதுதான். அது மோசமான நாற்காலி இல்லை, மலிவாகவும் கிடைக்கும். ஆனால் நூறு வருஷம் பார்த்தது வேண்டும் என்று கேட்டவருக்கு அது பதில் ஆகாது.

கடைசியில் ஏணி முதுகு. ஏலக்கடைகளில் ஓரமாகக் கிடப்பது இதுதான், எனக்குப் பிடித்ததும் இதுதான். ஊருக்கு ஊர் எவ்வளவு மாறுகிறது பாருங்கள். நியூ இங்கிலாந்தில் பின்கால் முழுக்கக் கடைசல் வளையம், உச்சியில் கும்பம். பிலடெல்பியாவைச் சுற்றிய டெலவேர் பள்ளத்தாக்கிலும் தென் ஜெர்சியிலும் பின்கால் வெறும் உருளை. அழகெல்லாம் முதுகுப் பலகைகளில். ஐந்தோ ஆறோ பலகை, மேலும் கீழும் வில்போல வளைத்து வெட்டி, மேலே போகப் போக அகலமாகும். முன்னே இரண்டு கால்களுக்கிடையே பெரிய பந்து கடைந்த குறுக்குக் கட்டை. இருக்கைக்குக் கோரையை முறுக்கிப் பின்னுவார்கள்.

தெற்கே மலைப்பக்கம் போனால் அலங்காரம் இன்னும் குறையும், வேலை இன்னும் கூடும். பின்கால்களின் மேல்பாதியை முன்பக்கம் தட்டையாகச் செதுக்கி, பின்னோக்கி வளைத்துவிடுவார்கள். கோவேறு கழுதையின் காதுபோல இருக்கும், பெயரும் அதுவே. இருக்கைக்கு ஹிக்கரிப் பட்டை. வசந்தத்தின் முடிவில் மரத்தில் சாறு ஓடும்போது உரித்தால்தான் வரும். பின்னிய பட்டை தோல்போல இறுகி, பல பத்து வருஷம் தாங்கும். டென்னசியின் வில்லியம்சன் கவுண்டியில் டிக் பாய்னர் என்பவர் செய்தவை இந்த வகையில் பேர்பெற்றவை. 1802ல் வர்ஜீனியாவில் அடிமையாகப் பிறந்தவர், 1860 வாக்கில் சுதந்திர மனிதராகச் சொந்தப் பட்டறை வைத்திருந்தார், 1882ல் இறந்தார். அவர் பெயர் சொல்லி விற்பவை எல்லாம் அவருடையவை அல்ல, ஆனால் அந்த வட்டாரத்துப் பெயர் தெரியாத நாற்காலியும் சோடை போகாது.

இது ஏன் ஆடாமல் நிற்கிறது? குறுக்குக் கட்டைகளை நன்றாக உலர்த்திவிட்டு, கால்களைக் கொஞ்சம் ஈரத்தோடு வைத்துச் செருகுவார்கள். கால் பிறகு காயும்போது சுருங்கி, செருகிய முனையை இறுக்கிக் கவ்விக்கொள்ளும். உலர்ந்த முனையோ காற்றின் ஈரத்தை வாங்கி உப்பும். இரண்டும் சேர்ந்து பிடிக்கும் பிடிக்குப் பசையே தேவைப்படாது. நல்ல தச்சர், காலுக்குள்ளே பக்கக் கட்டையின் துளை முன்கட்டையின் முனையைக் கொஞ்சம் கடித்துக்கொண்டு போகும்படி துளைப்பார். ஒன்று மற்றதைப் பூட்டிவிடும். ஹீட்டர் ஓடும் வீடோ, புழுக்கமான கோடையோ, இந்தச் செருகல் எதற்கும் அசைந்துகொடுக்காது.

குறையும் உண்டு. முதுகு நேராக இருக்கும், இரண்டு மணி நேரம் டிவி பார்க்க லாயக்கில்லை. கோரை இருக்கையில் முழங்காலை ஊன்றி அலமாரி எட்டக் கூடாது, அறுந்துவிடும். சம்மணம் போட்டு உட்காருபவர்களுக்கு அகலமான பலகை உள்ள கைவைத்த விண்ட்சரே மேல். நம்மில் பாதிப்பேர் நாற்காலியிலும் ஒரு காலை மடித்துத்தான் உட்காருகிறோம், இதையும் கணக்கில் எடுக்க வேண்டும்.

இதையெல்லாம் எழுதி, பிழையில்லாத கைவைத்த விண்ட்சர் கிடைத்தால் முதல் இடம் அதற்கு, இல்லையென்றால் ஏணி முதுகு என்று முடித்தேன். அவர் கவிழ்த்த படங்களை வாங்கி அனுப்பினார். விண்ட்சரின் கால்கள் இரண்டு நிறத்தில் இருந்தன, அதோடு அதன் கதை முடிந்தது. ஏணி முதுகு தென் ஜெர்சியைச் சேர்ந்தது, பலகை ஐந்து, கோரை புதிதாகப் பின்னியது. முன்குறுக்குக் கட்டையின் பந்துகள் மேல்பக்கம் மட்டும் தட்டையாகத் தேய்ந்திருந்தன. தலைமுறை தலைமுறையாகக் கால் வைத்த இடம், நல்ல அடையாளம்.

ஒரே ஒரு சங்கடம், தரையிலிருந்து இருக்கை 15 அங்குலம்தான். 17, 18 இருக்க வேண்டும். யாரோ எப்போதோ உளுத்த அடியை அறுத்திருக்கிறார்கள். சேகரிப்பவர்கள் இதைத் தொடமாட்டார்கள், விலையும் அதனால்தான் இறங்கியிருந்தது. வேண்டாம் என்று எழுதப் போனவன், அம்மாவின் உயரம் என்ன என்று கேட்டேன். நாலே முக்கால் அடி என்றார். அமெரிக்க நாற்காலி எதில் உட்கார்ந்தாலும் அவருக்குக் கால் தொங்கும், போன தடவை ஆறு மாதமும் காலுக்கடியில் ஒரு அட்டைப்பெட்டியை வைத்துக்கொண்டுதான் சாப்பிட்டாராம்.

வாங்கிவிட்டார்.